இரவில் குடித்த இரண்டு கோப்பை



சென்ற அக்டோபர் மாதத்தில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு என் அக்காள் வீட்டுக்குச் சென்று வந்ததை நீங்கள் அறிவீர்கள். அக்காளும் அத்தானும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்தில் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். திரும்பி வந்த நாள் முதல் சபையார் பலர், "கிராண்ட் கேன்யன் பார்த்தீர்களா, ஐயா?" என்று ஆவலோடு கேட்கிறார்கள். பார்த்தேன். அதன் விளிம்பில் நின்றபோது பேச்சற்றுப் போனேன். ஆனாலும் இந்த வாரத் தியானத்தை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெரும் பள்ளத்தாக்கு என் நினைவில் எழவில்லை. அரை லிட்டர் தண்ணீர் கொள்ளும் ஒரு சிறிய மின்கெட்டில்தான் எழுந்து நின்றது. அதைப்பற்றி எழுதாமல் வேறொன்றை எழுதினால் என் மனச்சாட்சி என்னை விடாது.

டிரெய்லர் என்றவுடன் நம் ஊரில் டிராக்டருக்குப் பின்னால் ஓடும் பெட்டியே நினைவுக்கு வரும். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லத்தக்க, சக்கரம் பூட்டிய சிறு வீடு அது. அத்தான் ஓய்வு பெற்றபின் வாங்கியது இருபதடி நீளமுள்ளது. உள்ளே இரண்டு படுக்கைகள், ஒரு மேசை, சிறு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, ஒரு ஆள் திரும்பமுடியாத குளியலறை. அக்காளுக்குப் பேரப்பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பு இருந்தபடியால் அத்தானும் நானும் மட்டும் புறப்பட்டோம். வடக்கே ஏறத்தாழ 230 கிலோமீட்டர் சென்றால் பிளாக்ஸ்டாஃப் என்ற மலைநகரம். பீனிக்ஸில் அக்டோபரிலும் வெயில் எரிக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள பிளாக்ஸ்டாஃபிலோ இரவில் தண்ணீர் உறையும் குளிர்.

இத்தகைய டிரெய்லர்களை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. கட்டணம் செலுத்தும் முகாம்களில் மின்கம்பமும் தண்ணீர்க் குழாயும் இருக்கும். அந்தக் கம்பத்தில் வடத்தைச் சொருகிவிட்டால் வீட்டில் இருப்பதுபோலவே இருக்கலாம். மற்றொரு வழி, காட்டுக்குள் நிறுத்துவது. பிளாக்ஸ்டாஃபைச் சுற்றியுள்ள கோகோனினோ தேசியக் காட்டில், அனுமதிக்கப்பட்ட இடங்களில் கட்டணமின்றிப் பதினான்கு நாள்வரை தங்கலாம். அங்கே கம்பமும் இல்லை, குழாயும் இல்லை. கொண்டுபோனதுதான் உண்டு. அத்தானுக்கு இந்த இரண்டாவது வழிதான் பிரியம். பாண்டரோசா என்னும் நெட்டைப் பைன் மரங்களின் நடுவே, சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் தெரியும் ஓரிடத்தில் டிரெய்லரை நிறுத்தினார். 2001ஆம் ஆண்டிலேயே இருண்ட வானத்தைக் காக்கும் நகரமென்று உலகில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. இரவில் அங்கே தெரியும் நட்சத்திரங்களைப்பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

முதல் நாள் மாலையில் அத்தான் என்னை உட்காரவைத்து டிரெய்லரின் ஒழுங்குகளை விளக்கினார். முன்புறம் இரண்டு புரொப்பேன் வாயு உருளைகள். கூரைமேல் ஒரு சூரியத் தகடு. அதிலிருந்து வரும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க ஒரேயொரு பேட்டரி. விளக்கு, தண்ணீர் மோட்டார், சூடேற்றியின் விசிறி ஆகியவை பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக ஓடும். சுவரிலுள்ள சாதாரணச் செருகுவாய்களுக்கோ இன்வெர்ட்டர் வேண்டும்.

"தம்பி, ராத்திரியில் இன்வெர்ட்டர் எனக்கு மட்டும்தான்," என்றார் அத்தான். "அந்தக் கெட்டில் முகாமில் மின்சாரம் இருக்கும்போது பயன்படுத்த வைத்திருப்பது. இங்கே அதைத் தொடாதே. காப்பி வேண்டுமானால் கேஸ் அடுப்பு இருக்கிறது."

இன்வெர்ட்டர் ஏன் அவருக்கு மட்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அவருக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உண்டு. சி-பேப் என்னும் கருவியின் முகமூடியை அணிந்துகொண்டுதான் பல ஆண்டுகளாக உறங்குகிறார். அது இடைவிடாமல் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைத்துக்கொள்ளாமல் காக்கிறது. மெல்லிய இரைச்சலோடு அது இரவெல்லாம் ஓடுவதை முதல் இரவில் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

இந்தியாவுக்கும் அரிசோனாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். ஆகவே என் உடலுக்கு இரவு பகலாகவும் பகல் இரவாகவும் இருந்தது. இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்கு முற்றிலும் விழித்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் பேசவேண்டிய ஒரு செய்தியை ஆயத்தம் செய்யலாமென்று வேதாகமத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். குளிர் எலும்பைத் தொட்டது. காப்பி இல்லாமல் ஒரு வரியும் ஓடாதென்று தோன்றியது.

கேஸ் அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் மனைவி பெட்டியில் வைத்து அனுப்பிய பித்தளை ஃபில்டரும் சிக்கரி கலந்த காப்பித் தூளும் அலமாரியில் இருந்தன. ஆனால் அடுப்பைப் பற்றவைத்தால் சத்தம் கேட்கும், பாத்திரம் உரசும், அத்தான் விழித்துக்கொள்வார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்க இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். கெட்டில் ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்கவைத்துவிடும். உடனே கரையும் காப்பித் தூளும் அருகில் இருந்தது. சொருகினேன். சிறிய நீலவிளக்கு எரிந்தது. கெட்டிலை முழுவதும் நிரப்பியிருந்தேன். ஒரு கோப்பைக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. இரண்டரை மணிக்கு மற்றொரு கோப்பை வேண்டியிருந்தது. ஆறிப்போன மிச்சத்தைக் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்பினேன்.

பிரசங்கக் குறிப்பு நன்றாக வந்தது. மூன்று மணிக்குப் படுத்தேன். நான்கு மணிக்கு எங்கோ தொலைவில் ஒரு பூச்சி கத்துவதுபோல் 'பீப், பீப்' என்ற ஒலி கேட்டது. பிறகு அது நின்றது. சி-பேப் கருவியின் இரைச்சலும் நின்றிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உறங்கிப்போனேன்.

விடிந்தபோது டிரெய்லருக்குள் என் மூச்சே புகையாகத் தெரிந்தது. அத்தான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. முகமூடி மடியில் கிடந்தது.

"என்ன அத்தான், எப்போது எழுந்தீர்கள்?"

"நாலு மணிக்கு இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. படுத்தால் தொண்டை அடைக்கும். உட்கார்ந்தே இருந்துவிட்டேன். சூடேற்றியும் நின்றுவிட்டது. நீ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்ப மனமில்லை." சற்று நிறுத்தி, "பேட்டரிக்கு வயதாகிவிட்டது. நாலு வருஷத்துப் பேட்டரி. கிளம்புமுன் பார்த்திருக்க வேண்டும். என் தப்புதான்," என்றார்.

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பாவ அறிக்கையைப்பற்றிப் பிரசங்கித்து வருகிறவன் நான். அறிக்கையிட ஐந்து சொற்கள் போதும். அந்த ஐந்து சொற்கள் என் வாயில் வரவில்லை. அவர் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, தம்முடைய பெர்க்கொலேட்டரில் காப்பி போட்டு, முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். கெட்டிலை அலமாரிக்குள் தள்ளிவைத்திருந்தது எனக்கு மட்டுமே தெரியும்.

காலை உணவுக்குப் பிறகு, புதிய பேட்டரி வாங்கப் பிளாக்ஸ்டாஃபுக்குப் போகலாம் என்றார். டிரெய்லரைக் காட்டில் விட்டுவிட்டு வண்டியில் இறங்கினோம். வழியெல்லாம் அவர் விலையைக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். லித்தியம் பேட்டரி நல்லது, ஆனால் விலை தாங்காது. பழைய வகை ஈய பேட்டரியே போதும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். எனக்குச் சாலையின் இருபுறமும் நின்ற மரங்கள் ஒன்றும் தெரியவில்லை. கடைவாசலில் வண்டியை நிறுத்தி, அவர் கதவைத் திறந்தபோதுதான் பேசினேன்.

"அத்தான், பேட்டரி பழுதில்லை. ராத்திரி நான் கெட்டிலைப் போட்டேன்."

அவர் கதவைத் திரும்பச் சாத்தினார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் தலைகுனிந்திருந்தேன்.

"எத்தனை தடவை?"

"இரண்டு."

"முழுவதும் நிரப்பியா?"

"ஆமாம்."

மீண்டும் மௌனம். பிறகு, "எனக்கு ஒரு கோப்பை வைத்திருக்கலாமே, விழித்துக்கொண்டுதானே இருந்தேன்," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அந்தச் சொல்லில் மன்னிப்பும் இருந்தது, வலியும் இருந்தது. இரண்டையும் நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை அத்தான் ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். பொறியாளராக வேலை பார்த்தவர். கோபத்தைக்கூட எண்களில்தான் வெளியிடுவார். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். மின்வெட்டு நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருக்கிறவர்களுக்கும் இது உதவும்.

பேட்டரியின் கொள்ளளவு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. அதாவது 1,200 வாட்-மணி. நம் மின்கட்டணக் கணக்கில் 1,000 வாட்-மணி ஒரு யூனிட். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே செலவழிக்கத்தக்கது 600 வாட்-மணி மட்டுமே. ஒரு முழு இரவுக்கும் அரை யூனிட்டைவிடச் சற்றே அதிகம். இதில் அத்தானின் மூச்சுக் கருவி சுமார் 40 வாட் வீதம் எட்டு மணி நேரத்துக்கு 320 எடுத்துக்கொள்ளும். சூடேற்றி எரிவது வாயுவில்தான். ஆனால் வெப்பத்தைத் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. அது விட்டுவிட்டு ஓடி 210 எடுக்கும். எச்சரிக்கைக் கருவிகள், குளிர்பதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, விளக்கு எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 570. மிச்சம் வெறும் 30.

அரை லிட்டர்க் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்க, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 65 வாட்-மணி வேண்டும். இரண்டு தடவைக்கு 130. போதாததற்கு அத்தான் நிழலுக்காகப் பைன் மரங்களின் கீழே டிரெய்லரை நிறுத்தியிருந்தபடியால் பேட்டரி அன்று முழுவதும் நிறைந்திருக்கவில்லை. குளிரில் ஈய பேட்டரியின் திறனும் குறைந்துபோகும். கெட்டில்போல ஒரே மூச்சில் நிறைய மின்சாரத்தை இழுக்கும் பொருளைக் கொடுத்தால், அது தன்னிடம் உள்ளதையும் முழுவதும் தரமுடியாமல் சோர்ந்துவிடும்.

"130ஐ 40ஆல் வகுத்துப் பார்," என்றார்.

மூன்றும் சொச்சமும் வந்தது. மூன்று மணி நேரம். நான்கு மணிக்குக் கருவி நின்றது. அவர் வழக்கமாக எழுவது ஏழு மணிக்கு. நான் குடித்த இரண்டு கோப்பையும் அவருடைய மூன்று மணி நேர மூச்சு.

அந்த ரசீதை வாங்கி என் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பிறகு அவர் இன்னொரு கணக்கும் சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் மின்சாரத்தைக் கொண்டு 3 வாட் எல்.இ.டி. விளக்கொன்றை முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம். வெளிச்சம் தருவதும் காற்றை அனுப்புவதும் பேட்டரிக்கு எளிது. சூடாக்குவது மிகக் கடினம். வெளியே நிற்கும் புரொப்பேன் உருளையிலோ ஒரு கிலோவுக்குப் பதின்மூன்று யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. ஒன்பது கிலோ கொண்ட ஓர் உருளையில் நூறு யூனிட்டுக்கும் மேல். பேட்டரியில் அரை யூனிட்டே இருக்க, அதனிடம் போய் வெப்பத்தைக் கேட்டேன். நூறு யூனிட்டு வெப்பம் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

காப்பிக்கு மின்சாரம் ஒருகாலும் தேவையாயிருந்ததில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தான் வைத்திருந்த அடுப்புமேல் பெர்க்கொலேட்டர் வகைக்கு ஹேன்சன் குட்ரிச் என்ற அமெரிக்கர் 1889இலேயே காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், 1908இல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளையிட்டு, மகனுடைய நோட்டிலிருந்து மையொற்றும் தாளை எடுத்து விரித்து, காப்பியை வடிகட்டினார். இத்தாலியரின் மோக்கா பாத்திரம் 1933இல் வந்தது. நம் பித்தளை ஃபில்டரோ எல்லாவற்றிலும் எளியது. கொதித்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அது நம்மிடம் வேறெதையும் கேட்பதில்லை. மீதி வேலையைப் பூமியின் ஈர்ப்பு செய்கிறது.

மறுநாள் காலையில் நான் முந்தி எழுந்தேன். மூடிய அறையில் வாயு எரிந்தால் நச்சுக்காற்று சேரும் என்று அத்தான் எச்சரித்திருந்தபடியால் ஜன்னலைச் சற்றுத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள காற்றுப்போக்கியையும் திறந்துவைத்தேன். மூன்று கரண்டித் தூளை ஃபில்டரின் மேற்பாத்திரத்தில் போட்டு, குடைபோன்ற தட்டை மெதுவாக அழுத்தி வைத்தேன். இரண்டு பேருக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் அளந்து கொதிக்கவைத்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. காப்பிக்கு அந்தச் சூடு போதும். ஊற்றி மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த இருபது நிமிடமும் சி-பேப் கருவியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சீராக, இடைவிடாமல், ஒரு குழந்தையின் உறக்கத்தைப்போல ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாளே அத்தான் டிரெய்லரை மரநிழலிலிருந்து வெயில் படும் வெளிக்கு நகர்த்தியிருந்தார். பேட்டரி நிறைந்திருந்தது. அதே பேட்டரிதான். அன்று காலையில் நான் வேறு ஜெபம் எதுவும் செய்யவில்லை. அந்த ஒலியைக் கேட்டதே எனக்கு ஜெபமாயிருந்தது.

ஏழு மணிக்கு அத்தான் எழுந்து வந்தார். பால் காய்ச்சி, டிகாக்‌ஷனை ஊற்றி, சர்க்கரை கலந்து, ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சிக்கரி கொஞ்சம் அதிகம்," என்றார். கோப்பையைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பிரியமானவர்களே, புத்தியுள்ள கன்னிகைகளையும் புத்தியில்லாத கன்னிகைகளையும் பற்றிய உவமையை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அவரவர் எண்ணெயை அவரவர்தாம் சேர்த்துவைக்க வேண்டும், கடைசி நேரத்தில் கடன் வாங்க முடியாது என்று உங்களை எச்சரித்திருக்கிறேன். அந்தக் காட்டில் எனக்குப் புலப்பட்டது வேறு. நான் அந்தப் பத்துப் பேரில் ஒருவனாகவும் இல்லை. அயலான் உறங்கும்போது அவனுடைய பாத்திரத்திலிருந்து ஊற்றிக்கொள்கிற பதினோராவது ஆள் நான். அதிலும் கொடியது, அந்த எண்ணெயின் வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் பிரசங்கக் குறிப்பு எழுதினேன். ஊழியத்துக்காகத்தானே என்ற எண்ணம் எனக்குப் போர்வையாக இருந்தது.

ஊர் திரும்பியபின் அந்த ரசீதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் பழைய காரியங்கள் நினைவுக்கு வருகின்றன. கன்வென்ஷன் கூட்டம் முடிந்து இரவு பதினொரு மணிக்கு, விருந்தினரான பிரசங்கியாருக்குச் சூடாக ஏதேனும் வேண்டுமென்று, பகலெல்லாம் சமைத்துக் களைத்துப் படுத்த ஒரு சகோதரியை எழுப்பியிருக்கிறேன். அதிகாலை ஆராதனைக்கு மணியடிக்கும் முதியவரை முந்தின இரவு நெடுநேரம் நாற்காலி அடுக்கவைத்திருக்கிறேன். என் வீட்டில் விடியுமுன் எழுந்து ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கிவைக்கிறவள் முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று முப்பதாண்டில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? கேட்டதும் உடனே கிடைத்துவிடுகிறபடியால் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. சின்ன நீலவிளக்கு எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, அவ்வளவே நமக்குத் தெரிகிறது. நான்கு மணிக்கு யாருடைய மூச்சு நிற்கிறதென்பது தெரிவதில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சபையிலும் அப்படி ஒரு பேட்டரி உண்டு. அது முறையிடாது. நிற்கும்வரை ஓடும். நின்றபிறகும், எனக்கு வயதாகிவிட்டது, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லும். அந்தச் சொல்லை நம்பிவிடுவது நமக்கு வசதியாயிருக்கிறது. நானும் கடைவாசல்வரை அதை நம்பவே விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். கிரேக்க மூலத்தில் 'கரிநெருப்பு' என்பதைக் குறிக்கும் ஒரு சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது; இரண்டும் யோவான் எழுதின சுவிசேஷத்தில். ஒன்று, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு ஆண்டவரை அறியேன் என்று சொன்ன இடம். மற்றது, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் சீஷர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்திருந்த இடம். இறையியல் கல்லூரியில் இதைப் படித்தபோது சொல்லாராய்ச்சியாகப் படித்தேன். ஆண்டவர் பேதுருவிடம் கேள்வி கேட்டது உணவு கொடுத்தபிறகுதான் என்பதை அப்போது நான் பெரிதாக எண்ணவில்லை. இரவெல்லாம் மூச்சுக்காக நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒருவர், எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, முதல் கோப்பையை எனக்கு நீட்டினாரே, அந்தக் காலையில்தான் அதன் பொருளைக் கண்டேன். குற்றம் செய்தவன் வாய் திறக்குமுன்னே அவனுக்காகத் தீ மூட்டப்பட்டுவிடுகிறது. அந்தத் தீயின் அருகே உட்கார்ந்து குடித்துவிட்டு மௌனமாயிருப்பதுதான் கடினம்.

இந்த வாரம் உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் காப்பி போடுகிறவருக்கு ஒரு நாள் நீங்கள் முந்தி எழுந்து காப்பி போட்டுக் கொடுங்கள். டிகாக்‌ஷன் இறங்கும் இருபது நிமிடமும் அவர் உறங்கும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருங்கள். சொல்லவேண்டியது ஏதேனும் இருந்தால் கடைவாசல்வரை காத்திராமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும், உங்களுக்காகக் களைத்துப்போனவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.